கையால் விடுவதும் காலால் விடுவதும்

1

போன வாரம் அம்மா போனில் கேட்டாள்: "ஏம்ப்பா, அங்க உங்களுக்கெல்லாம் லீவு எப்பதான் விடுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'லீவு விடுவது' என்று சொல்லும்போது ஒரே வினைச்சொல்லை இங்கிலீஷில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்கிறோம். அதை அம்மாவிடம் விளக்கினேன்.

"ஆமா, படிச்சவன்ல, பெத்தவ பேசறதுல்லாம் தப்பாத்தான் தெரியும். எப்ப வர்ற, அதச் சொல்லு."

போனை வைத்த பிறகு நாக்கு தானாகப் போய் மேல்வரிசையில் உடைந்த பல்லைத் தடவியது. அந்தப் பல் போனதற்கும், நான் இந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து கைரேகை கொடுத்ததற்கும் நடுவில் இருப்பது இந்த 'விடு'தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பல் எப்படிப் போயிற்று என்று கேட்டதற்கு ஐஸில் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது அவர்களிடம் சொன்னால் சொல்லட்டும். நம் பக்கத்திலிருந்து அடுத்த விமானத்தில் ஏறப்போகிற பையன்கள், "அண்ணே, இங்கிலீஷ் பரீட்சைல எவ்வளவு மார்க் இருந்தாப் போதும்?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் அதில் நல்ல மார்க் வாங்கியவன்.

எங்கள் ஊர் பூதலூரிலிருந்து உள்ளே போக வேண்டும். அப்பா குத்தகைக்கு நெல் போடுகிறவர். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். இங்கிலீஷில் நான் மனப்பாடம் செய்த முதல் முழு வாக்கியம் லீவ் லெட்டரில் வருவது. ஒரு சொல் தவறினால் வாத்தியார் கையை மடக்கச் சொல்லி, விரல் முட்டிகள்மேல் அடிக்கோலைப் பக்கவாட்டில் திருப்பி அடிப்பார். முட்டி வீங்கிப்போய்ச் சோற்றைப் பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிட்ட நாட்கள் உண்டு. அப்படித்தான் அந்தச் சொல் எனக்குள் இறங்கியது. லீவ் என்றால் விடு. விடு என்றால் லீவ். வேறு அர்த்தம் இருக்கலாமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இன்னும் இரண்டு விழுந்திருக்கும்.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். படிப்பு முடிந்தது, படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. உறைந்த பட்டாணி, உறைந்த மீன், உறைந்த ரொட்டி. உள்ளே போனால் மூக்கு மயிர் விறைத்துக் குத்தும். முதல் வாரம் வீட்டுக்கு வீடியோ போட்டுக் காட்டியபோது அப்பா, "நாம வெயில்ல வேவறோம், இவன் ஐஸ்ல வேவறான்" என்றார்.

தங்கியிருப்பது முத்துப்பேட்டை பஷீர் பாய் வீட்டு மாடியறையில். அவர் இங்கே ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மனைவி ஜமீலா அக்கா. ஒரே மகள் ஆயிஷா, ஏழு வயது. ஆயிஷா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். "தமிழ்ல சொல்லும்மா" என்றால், "ஐ ஆம் சேயிங் இட் இன் தமிழ் இன் மை ஹெட்" என்பாள். ஜமீலா அக்காவுக்கு அது பெருமையா கவலையா என்று அவருக்கே தெரியாது.

கிடங்கில் எனக்கு நெருக்கம் என்று சொன்னால் இரண்டு பேர். ஒருவன் ரயன், உள்ளூர்க்காரன், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். ஆறடிக்கு மேல் இருப்பான். முதல் நாள் எனக்குக் கையுறை போதவில்லை என்று தன் இரண்டாவது ஜோடியைக் கழற்றிக் கொடுத்தவன் அவன்தான். இன்னொருவன் யோனாஸ். எரித்திரியாவிலிருந்து வந்தவன். ஒல்லியான உடம்பு, பேச்சும் குறைவு. இடைவேளையில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் பேசாமல் சாப்பிடுவோம். பேசாமல் சாப்பிட ஓர் ஆள் கிடைப்பது வெளிநாட்டில் பெரிய விஷயம்.

ரயனின் தம்பியும் அங்கேதான் வேலை செய்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்று ஒரு நாள் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேலாளரிடம் போட்டுக் கொடுத்தது யோனாஸ் என்று யாரோ ரயனிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

3

அது குளிர்காலம். மத்தியான ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போதே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கேட்டைத் தாண்டி வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து சத்தம் வந்தது.

யோனாஸ் மல்லாந்து கிடந்தான். ரயன் அவன் நெஞ்சின்மேல் உட்கார்ந்து, இடது கையால் ஜாக்கெட் காலரைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கித் தூக்கி, வலது கையால் முகத்திலேயே குத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் இரண்டு சத்தம் கேட்டது. முகத்தில் விழுவது ஈரமான சத்தம். பின்னந்தலை தார்த்தரையில் மோதுவது காய்ந்த சத்தம். யோனாஸின் கைகள் முதலில் முகத்தை மறைத்தன. பிறகு அவை இரண்டு பக்கமும் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகும் ரயன் குத்தினான்.

நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போதே கத்தினேன்.

"லீவ் ஹிம்! ரயன்! லீவ் ஹிம்!"

பின்னாலிருந்து அவனுடைய இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து இழுத்தேன். காளையை இழுப்பது போல இருந்தது. அவன் திரும்பிப் பார்க்காமலேயே முழங்கையைப் பின்னால் வீசினான். அது என் வாயில் விழுந்தது. கல் ஒன்று நாக்கின்மேல் உருண்டது. துப்பினேன். ரத்தத்தோடு பாதிப் பல். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

"லீவ் ஹிம்! செத்துருவான்டா! லீவ் ஹிம்!"

யோனாஸின் காலர் ரயன் கையிலிருந்து நழுவியது. ரயனை எழுப்பி நிறுத்திவிட்டேன் என்று நினைத்த அதே நொடியில் அவன் காலைத் தூக்கி யோனாஸின் தாடையில் ஓர் உதை விட்டான். எங்கள் ஷூக்களில் முன்பக்கம் இரும்பு வைத்திருக்கும், சரக்கு அடுக்கிய பேலட் பலகை விழுந்தால் விரல் நசுங்காமல் இருக்க. யோனாஸின் தாடை போன சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளையை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல.

இன்னொரு உதை விழுந்தால் ஆள் இருக்காது. ரயனின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுத் தள்ளினேன். "கம், ரயன். இனஃப். லீவ் ஹிம். கம், கம்." அவன் நாலு எட்டு முரண்டினான். பிறகு சட்டென்று காற்றுப் போனது மாதிரி என்மேல் சாய்ந்தான். தோளில் கையைப் போட்டு, காதருகே எதையாவது சொல்லிக்கொண்டே, வேலியைத் தாண்டி பஸ் நிற்கும் இடம்வரை அவனை நடத்திக்கொண்டு போனேன். முட்டியிலிருந்து தோல் உரிந்து தொங்கிய கையைப் பார்த்து அவன் அழுதான். தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான். ஒரு பஸ் வந்தது. என் கையை உதறிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

நான் திரும்பி வந்தபோது யோனாஸின் பக்கத்தில் நீலவிளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த வழியாகப் போன ஒரு கார்க்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார். அதற்கு முன்னால் கண்ணாடியை இறக்கிப் போனில் வீடியோப் படமும் எடுத்திருந்தார். அவர் வந்து சேர்ந்தது கடைசிக் கட்டத்தில். ஆகவே அவர் எடுத்த படத்தில் இருந்தது இவ்வளவுதான்: தரையில் அசையாமல் ஓர் ஆள். அவனைப் போட்டுவிட்டு இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்து போகிறார்கள். அதில் ஒருவன் தெளிவாக, இரண்டு மூன்று தடவை சொல்கிறான்: "லீவ் ஹிம். கம், கம்."

வாயிலிருந்து ரத்தம் ஒழுக நின்ற என்னிடம் ஒரு போலீஸ்காரர் கேட்டார்: "நீ அவனோடு இருந்தாயா?"

"யெஸ் சார். ஐ வாஸ் வித் ஹிம்" என்றேன். பஸ் நிற்கும் இடத்தில் கூட இருந்தேன் அல்லவா, அதைச் சொன்னேன்.

அங்கேயே கைது செய்தார்கள்.

4

இந்த இடத்தில் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர் நினைப்பு வந்ததால் இல்லை. நான் ஏன் அப்படி நடந்து போனேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே விளக்கம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வயல் கடைமடை. தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்த பிறகு மிஞ்சினால்தான் எங்களுக்கு. முறைத் தண்ணீர் நாளில் ஒருவன் முறையை இன்னொருவன் திருப்பினால் பேச்சுக்கு இடமே கிடையாது. ஒரு குறுவையில் என் சித்தப்பா செல்வராசு, மேல்வயல் கோவிந்தனை மடையிலேயே பிடித்துவிட்டார். கோவிந்தன் மடையை அடைத்துக்கொண்டிருந்தான். சித்தப்பா கையில் மண்வெட்டி. வெட்டினார். கோவிந்தன் தலையைச் சாய்த்ததால் காதோடு போயிற்று. காது பாதி அறுந்து கழுத்துமேல் தொங்கியது. வாய்க்கால் தண்ணீர் சிவந்து போனதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், டிராக்டர்காரன், டீ குடிக்க வந்தவன் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே சொல்.

"விடுறா! விடுறா அவன! செல்வராசு, விடு!"

நம் ஊரில் சண்டை என்றால் அடிக்கிறவன், அடிபடுகிறவன் என்று இரண்டு பேர் மட்டும் இல்லை. மூன்றாவதாக விலக்கிவிடுகிறவன் உண்டு. எங்கள் ஊரில் அது என் அப்பா. அப்பா கோவிந்தன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சித்தப்பாவை இடுப்போடு சேர்த்துக் கட்டினார். மண்வெட்டியைத் தட்டிவிட்டார். தோளில் கையைப் போட்டு, "வா, வா, போதும் வா. வாடாங்கறேன்" என்று வரப்பு வரப்பாக நடத்திக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அதுதான் முறை. அடிக்கிறவனை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்தினால் அடி நிற்கும். விழுந்தவனைப் பார்க்க ஆயிரம் பேர் இருப்பார்கள். இருந்தார்கள். கோவிந்தன் தலையில் துண்டைச் சுற்றி டிராக்டரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

டீக்கடையில் சித்தப்பா திமிறிக்கொண்டே இருந்தார். "விடுண்ணே என்னைய! அவன இன்னைக்கி முடிச்சிட்டுத்தான் மறுவேல!"

கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "விட்டுருங்க அவர. போகட்டும். மண்வெட்டி வேற கைல இல்ல, கரண்டி தரட்டுமா?"

அப்பா நிஜமாகவே கையை எடுத்துவிட்டார். சித்தப்பா எழுந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். பிறகு, "சக்கர கம்மியா ஒரு டீ போடு" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் வேட்டியில் கோவிந்தன் ரத்தம் இன்னும் காயவில்லை, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கோவிந்தனும் சித்தப்பாவும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

'விடு' என்று கத்தினால் இது எல்லாம் அதில் அடங்கியிருக்கும். கையை எடு, நீ வெளியே வா, மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

5

எனக்கு அரசு அமர்த்திக் கொடுத்த வக்கீல் வயதானவர், பொறுமைசாலி. விசாரணைக்கு முன்னால் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். என் குரலை நானே கேட்டேன். பயமாக இருந்தது. அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

"இந்த ஊரில் ஒருவன் அடித்துக்கொண்டிருக்கும்போது 'லீவ் ஹிம்' என்று யார் சொல்வார்கள் தெரியுமா?" என்று கேட்டார். "அடிக்கிறவனுடைய கூட்டாளி. 'அவனை விட்டுத் தள்ளு, அவன் அதுக்குக்கூட லாயக்கில்லை, வா போகலாம்' என்கிற அர்த்தத்தில். காப்பாற்ற வந்தவன் 'கெட் ஆஃப் ஹிம்' என்பான். அல்லது 'லெட் ஹிம் கோ'."

"ரெண்டும் ஒன்றுதானே சார்?"

அவர் தன் பேனாவை இறுக்கிப் பிடித்துக் காட்டினார். விரல்களைத் திறந்தார். பேனா மேசையில் விழுந்தது. "இது லெட் கோ." பிறகு எழுந்து, பேனாவை மேசையிலேயே போட்டுவிட்டுக் கதவுவரை நடந்து போய் நின்றார். "இது லீவ்."

ஒன்று கை செய்கிற வேலை. மற்றது கால் செய்கிற வேலை. முட்டி வீங்க வீங்கப் படித்தும் இது எனக்குத் தெரியவில்லை.

குற்றம் பதிவானால் என்ன ஆகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கூட்டாகத் தாக்கியதாக வழக்கு வரும். சிறை வரலாம். சிறை வராவிட்டாலும் விசா நிற்காது. விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், இனி எந்த நாட்டுக்கும் போக முடியாதபடி.

விசாரணை செய்தவர் ஒரு பெண் அதிகாரி. குரலை உயர்த்தவே இல்லை. வக்கீல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார். போனில் ஓர் அக்கா வந்தார். பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது.

"தம்பி, நீங்கள் தமிழிலை கத்தியிருந்தா என்னெண்டு கத்தியிருப்பீங்கள்? அந்தச் சொல்லை மட்டும் சொல்லுங்கோ."

"விடுறா அவனன்னு கத்தியிருப்பேன் அக்கா."

அவர் அதிகாரியிடம் இங்கிலீஷில் சொன்னார்: "அவர் சொல்லும் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. சண்டையில் சொன்னால் கையை எடு என்றுதான் எந்தத் தமிழரும் எடுத்துக்கொள்வார்." அந்த அதிகாரி நன்றி சொன்னார். நான் மூச்சு விட்டேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"சரி. சொல்லை ஏற்றுக்கொள்கிறேன்" என்றார் அதிகாரி. "கையை எடு என்றுதான் சொன்னாய். அவனும் எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு நீ ஏன் அவனோடு நடந்து போனாய்?"

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். இங்கிலீஷில் தொடங்கி, தடுமாறி, தமிழுக்கு மாறி, மடை, மண்வெட்டி, டீக்கடை எல்லாம் சொன்னேன். அந்த அக்கா விடாமல் மொழிபெயர்த்தார். அடிக்கிறவனை ஒருவன் தள்ளிக்கொண்டு போவான், விழுந்தவனை மற்றவர்கள் தூக்குவார்கள் என்று முடித்தேன்.

"எந்த மற்றவர்கள்?"

"ஓடி வருகிறவர்கள்" என்றேன்.

"அங்கே வேறு யார் இருந்தார்கள்?" என்று அதே மெதுவான குரலில் மறுபடி கேட்டார்.

யாரும் இல்லை. அந்தத் தார்த்தரையில் நான், ரயன், தாடை உடைந்த யோனாஸ், மூன்றே பேர்; கார்க்காரர் வந்ததை நான் பார்க்கக்கூட இல்லை. ஓடிவரப் பெண்களும் இல்லை, டிராக்டரும் இல்லை. என் பின்னால் ஓர் ஊரே வருகிறது என்று நினைத்துக்கொண்டு நடந்து போயிருக்கிறேன்.

"நோபடி" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

6

விசாரணை முடியும்வரை வெளியே விட்டார்கள். கிடங்கில் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். இந்த ஊர்க்காரர்களின் இணையப் பக்கம் ஒன்றில் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்த யாரோ பஷீர் பாயிடம் காட்டியிருக்கிறார்கள்.

"ஏன்டா, அடிச்சவனுக்குத் தோள்ல கை, அடிபட்டவனுக்கு முதுகா?" என்றார் பாய். "எங்க முத்துப்பேட்டைல நீ இப்படி விலக்கிவிட்டிருந்தா உன்னையும் சேத்துக் கட்டிவெச்சு வெளுத்திருப்பாங்க."

"பாய், நெஜமாவே அவன இழுத்தது நான்தான். பல்லப் பாருங்க."

"பல்லு எனக்குத் தெரியுது. படத்துல தெரியலயே." குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காத மாப்ள. கடைல ரெண்டு பேரு வந்து, அவன் உன் வீட்லதான இருக்கான்னு கேட்டுட்டுப் போறானுவ. எனக்குப் பொம்பளப் புள்ள இருக்கு."

அறையைக் காலி செய்யச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஜமீலா அக்கா வழக்கம்போலச் சாப்பாட்டை மேலே கொடுத்துவிட்டார்.

ஆயிஷாதான் கேட்டாள். படிக்கட்டில் எதிரே வந்தவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழி விட்டாள். எப்போதும் அப்படிச் செய்யமாட்டாள், முதுகில் தொற்றிக்கொள்வாள். "ஆர் யூ ஃப்ரெண்ட்ஸ் வித் த பேட் மேன்?" என்றாள். கெட்டவனுக்கு நீங்கள் சிநேகிதமா.

"இல்லம்மா, நான் அவன விடச் சொன்னேன்."

"வாட் இஸ் விடா?"

எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது எனக்கே எதிராகத் திரும்பும் என்று பயந்து, பேசாமல் மாடி ஏறிவிட்டேன்.

அந்த வாரங்களில் நான் வெளியே போகவில்லை. படுத்தால் தாடை ஒடிந்த சத்தம் கேட்கும். ரயனை நான் இழுத்துக்கொண்டு நடக்கும்போது பின்னால் யோனாஸ் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நினைத்துப் பார்ப்பேன். மூக்கிலும் வாயிலும் ரத்தம் நிறைந்து மல்லாந்து கிடந்த ஆள். ஒருக்களித்துப் படுக்க வைக்காவிட்டால் தன் ரத்தத்திலேயே மூச்சுத் திணறிச் செத்திருப்பான் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னதாக வக்கீல் சொன்னார். அவனை ஒருக்களித்து வைத்தது கார்க்காரர். என்னைக் குற்றவாளி என்று நினைத்துப் படம் எடுத்த அதே மனுஷன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது எந்தச் சொல்லும் இல்லை. கிடங்கின் கேட்டில் ஒரு கேமரா இருந்தது. தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படம். சத்தம் பதிவாகாத கேமரா. அதில் நான் ஓடி வருவது இருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுப்பது இருந்தது. முழங்கை என் முகத்தில் விழுந்து தலை பின்னால் போவது இருந்தது. அதற்குப் பிறகும் நான் பிடியை விடாதது இருந்தது. பேச்சில்லாமல் வெறும் கைகால்களாகப் பார்த்தபோது நான் யார் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. என்மீது நடவடிக்கை இல்லை என்று வக்கீல் போன் செய்தார். ரயன்மீது வழக்கு நடக்கிறது. என்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள்.

பாய்க்குச் சொன்னபோது கட்டிப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அப்பவே தெரியும்டா" என்றார். அவருக்கு அப்போது தெரியாது. இருந்தாலும் அப்படிச் சொன்னது நன்றாக இருந்தது.

7

போன மாதம் மறுபடி வேலைக்குப் போனேன். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து யோனாஸும் வந்தான்.

இடது கன்னம் உள்வாங்கியிருந்தது. ஒரு கண் முழுதாகத் திறக்கவில்லை. தாடைக்குள் தகடு வைத்திருக்கிறார்களாம். வாயை அகலத் திறக்க முடியாததால் சூப்பை உறிஞ்சிக் குடித்தான். நான் போய் எதிரே உட்கார்ந்தேன். அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவன் எழுந்திருப்பதற்குள் நான் பேசிவிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், எங்கள் மொழியில் ஒரே சொல்தான் இருக்கிறது, கையை எடு என்பதற்கும் அதுதான், போட்டுவிட்டுப் போ என்பதற்கும் அதுதான், நான் சொன்னது முதலாவது என்று அவசர அவசரமாக உளறினேன்.

"போலீஸ் சொன்னார்கள்" என்றான். பல்லைக் கடித்தபடி பேசுவது போல இருந்தது அவன் பேச்சு. "படத்தையும் காட்டினார்கள். நீ இழுத்தாய். உன் பல் போனது. எனக்குத் தெரியும்."

"பிறகு ஏன் என்னைப் பார்க்கமாட்டேன் என்கிறாய்?"

அவன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"எனக்குக் கண் தெரியவில்லை. ரத்தம். ஆனால் காது கேட்டது. உன் குரல் கேட்டது. நீ வந்துவிட்டாய் என்று நினைத்தேன். இனி சாகமாட்டேன் என்று நினைத்தேன்." நிறுத்தி, எச்சிலை விழுங்கிக்கொண்டான். விழுங்குவது அவனுக்கு இன்னும் வலிக்கிறது. "அப்புறம் நடக்கிற சத்தம் கேட்டது. ஒருவன் போனால் சரி. இரண்டு பேருடைய ஷூச் சத்தம். இரண்டும் தூரமாகப் போயிற்று."

ஊர், மடை, அப்பா, விலக்கிவிடுகிற முறை எதையும் நான் அவனிடம் எடுக்கவில்லை. அதையெல்லாம் போலீஸுக்குச் சொல்லலாம். கிடந்தவனுக்குச் சொல்ல முடியாது.

"ஸாரி" என்றேன். "அவன் மறுபடி உன்னை உதைத்துவிடுவான் என்று பயந்தேன். அதனால் அவனைக் கொண்டுபோனேன்."

அவன் என்னை, திறக்க முடிந்த கண்ணால், பார்த்தான். இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. எல்லோரும் எழுந்து கையுறையை மாட்டினார்கள். அவன் மேசையில் கையை ஊன்றி எழுந்தான். நின்ற இடத்திலிருந்து குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, வாய்க்கு வலிக்காமல் சொன்னான்:

"நெக்ஸ்ட் டைம், லீவ் ஹிம். டேக் மீ."

அடுத்த முறை, அவனை விடு. என்னைக் கொண்டுபோ.